ஆல்டோ கேட்கிற ஹெட்போன்

நூறடி ரோட்டில் இருக்கும் என் கடைக்கு மாடிப்படி ஏறி வருகிறவர்கள் இரண்டே வகை. "பேஸ் அடிக்கோணுங்க, மண்டை அதிரோணும்" என்று கேட்கிறவர்கள் ஒரு வகை. ஆறு மாதம் இணையத்தில் விமர்சனம் படித்துவிட்டு எனக்குப் பரீட்சை வைக்க வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இரண்டாவது வகையைக் கண்டால் அதைவிட அதிகமாக வரும், ஏனென்றால் நானே அந்த வகைதான். என் பெயர் கோவிந்தராஜுலு. பதினாறு வருடமாக ஹெட்போன் விற்கிறேன். எது நல்ல ஒலி என்பதை என் வாயைத் திறந்து சொல்லாமல் ஒருவரையும் படியிறக்கிவிட்டதில்லை.

அன்புச்செல்வி அக்கா இந்த இரண்டிலும் சேரவில்லை. போன அக்டோபரில் ஒரு மழை நாளில் வந்தார். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் பை, விரல்களில் மோட்டார் வார்னிஷ் வாசம். கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் பம்ப்செட் மோட்டாருக்குக் காப்பர் சுற்றுகிற வேலை. ஐம்பத்திரண்டு வயது என்று பின்னால் தெரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், சுவரெல்லாம் தொங்கும் ஹெட்போன்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆல்டோ கேக்கற ஹெட்போன் இருக்குதுங்களா?"

பதினாறு வருடத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. உட்காரச் சொன்னேன்.

விஷயம் இதுதான். அக்கா அவர்கள் சர்ச் சபையில் பாடகர் குழுவில் பாடுகிறார். கொயர் என்பார்கள். கொயரில் பெண்களின் குரல் இரண்டாகப் பிரியும். மெட்டை எடுத்துக்கொண்டு மேலே போவது சோப்ரானோ. அதற்குக் கீழே தாங்கிக்கொண்டு போவது ஆல்டோ. அக்கா ஆல்டோ. முன்பெல்லாம் எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஆல்வின் என்ற இளைஞர் கொயர் மாஸ்டராக வந்தார். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை கொயர். அவர் குரல்களைப் பிரித்தார், பாடுவதைப் பதிவு செய்தார், பதிவைப் போட்டுக் கேட்டார். கேட்ட இடத்தில்தான் வம்பு வந்தது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரே ஒரு குரல் மட்டும் அரைத் தாளம் பிந்தி வந்து விழுந்தது. அது அக்காவின் குரல்.

"நல்ல பையனுங்க. தனியாக் கூப்ட்டுத்தான் சொன்னான். 'அக்கா, உங்க குரல் மட்டும் தனியாத் தெரியுதுங்க. கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்குள்ள சரி பண்ணீருங்க. இல்லீன்னா இந்த வருசம் பெஞ்சுல உக்காந்து பாடுங்க'ன்னான்."

"பெஞ்சுல உக்காந்தும் பாடலாமுங்களே" என்றேன். ஆறுதலாகச் சொன்னதாக நினைப்பு.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பெஞ்சுல உக்காந்தா நான் சபைக்கு வந்தவ. மேல நின்னாத்தானுங்க பாடறவ. எடுத்துப்போட்டாங்கன்னா ஞாயித்துக்கெழமை நான் எங்கீங்க நிக்கறது?"

ஆல்வின் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைக் கொஞ்சம் தூக்கலாக வைத்து வாட்ஸப்பில் அனுப்புவாராம். பெங்களூரில் நர்ஸாக இருக்கும் மகள் கிருபா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த காதுப் பொத்தான் ஒன்று அக்காவிடம் இருந்தது. ஊரே போட்டுக்கொண்டு திரிகிற வகை. அதில் கேட்டால் கீபோர்டின் அடி ஒலி மட்டும் டும்டும் என்று வருகிறது, பாட்டு அதற்குள் போய் ஒளிந்துகொள்கிறது என்றார்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடமாக நான் தொண்டை வறளச் சொல்லிவருவதும் அதைத்தான். சந்தையில் விற்கிற ஹெட்போனில் பத்துக்கு எட்டு, கீழ் ஒலியை ஊதிப் பெருக்கி, மேல் ஒலியில் கொஞ்சம் மினுமினுப்பைத் தூவி, நடுவில் இருக்கிற மனுசக் குரலைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுத்தான் வருகின்றன. கடையில் பத்து நிமிடம் கேட்டால் பிரமாதமாக இருக்கும், வாங்கிவிடுவார்கள். வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டால்தான் தெரியும்.

"சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க" என்று சொல்லி, கண்ணாடி அலமாரியைத் திறந்து என் செல்லத்தை எடுத்தேன். பின்பக்கம் திறந்த வலை வைத்த பெரிய ஹெட்போன். தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். நடுக்குரல் வெண்ணெய் மாதிரி வரும். விமர்சகர்கள் கொண்டாடுகிற சாமான், நானும் கொண்டாடுகிறேன். என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும் முதலில் நான் தேர்ந்து வைத்த வயலின் பதிவைத்தான் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவரவர் பாட்டு. கேட்கத் தெரியாதவர்களுக்குக் கேட்கக் கற்றுத்தருகிறேன் என்று எனக்கு ஓர் எண்ணம்.

அக்கா வயலினை முழுதாகக் கேட்டார். மரியாதையாகக் கேட்டார்.

"நல்லாருக்குதுங்க. இப்ப எம்பாட்டைப் போடுங்க."

போட்டேன். இரண்டு தடவை கேட்டார். கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மெத்தையில படுத்தாப்புல இருக்குதுங்க. ஆனா வார்த்தை எங்கீங்க?"

நான் வாங்கிக் கேட்டேன். வார்த்தை எல்லாம் இருந்தது. ஆல்டோவும் தெளிவாக இருந்தது. இதற்கு மேல் ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றைக் கொடுத்தேன். அது வேண்டாம் என்றார். அடுத்தது. அதுவும் வேண்டாம். மேசையில் ஹெட்போன் குவிந்துகொண்டே போனது. ஆறாவதைக் காதில் மாட்டிக்கொண்டு அவர் கண்ணை உயர்த்தியபோது, நான் கம்பியைச் சுருட்டிக்கொண்டே வாய்க்குள் முனகினேன். "நல்லது கெட்டது தெரியாம வந்து உசுர வாங்குது. கெளம்புனாத் தேவல."

சத்தமே வரவில்லை. உதடு மட்டும் அசைந்திருக்கும். அவர் காதிலோ பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

"கெளம்பறனுங்க" என்றார் அக்கா, ஹெட்போனைக் கழற்றாமலே. "இன்னும் ரெண்டு பாத்துப்போட்டுக் கெளம்பறேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். மில்லில் வேலை பார்த்தவர்களிடம் வாய்க்குள் திட்டக் கூடாது என்றார். அன்றைக்குத்தான் அவருடைய கதை எனக்குத் தெரிந்தது.

கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்த ஐயாசாமியின் நாலாவது பெண் இவர். பதினேழு வயதில் கணபதிப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சேர்ந்தார். நூல் முறுக்குகிற ரிங் பிரேம் பகுதி. ஆயிரக்கணக்கில் கதிர்கள் சுற்றும், அறுந்த நூலை ஓடி ஓடி முடிய வேண்டும். அங்கே பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் பெண்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். நாலு பிரேம் தள்ளி நிற்பவளிடம் கல்யாணச் சேதி, மாமியார் சண்டை, சாயந்திரம் குழம்பு, எல்லாம் சத்தமில்லாமல் போய்ச் சேரும். சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தால் வாய் மூடிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்குள் அக்கா எட்டு மணி நேரமும் பாடிக்கொண்டே இருப்பாராம்.

"இருவத்திரெண்டு வருசம் பாடுனனுங்க. ஒருத்தருக்கும் கேட்டதில்லை. எனக்கே கேட்டதில்லை" என்றார்.

மில்லை மூடினார்கள். மூடிய அடுத்த மாதமே கொயரில் பெயர் கொடுத்துவிட்டார். முதல் ஞாயிறு மற்றவர்களோடு நின்று பாடியபோது வீட்டுக்காரர் முன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாராம். அதற்கு அவரைப் பிறகு திட்டியிருக்கிறார்.

இதை எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. "ஏனுங்க்கா, கொயர்ல நிக்கறப்பவும் யார் உதட்டையாச்சும் பாத்துத்தான் பாடறீங்களா?" என்று கேட்டேன்.

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார். கொயர் அரைவட்டமாக நிற்கும். எதிர் முனையில் மோகனப்பிரியா என்ற பெண், அவளும் ஆல்டோ. அவள் உதடு அசைவது நன்றாகத் தெரியும். இவர் காதுக்கு மங்கலாக வந்ததை அவள் உதட்டில் படித்துக்கொண்டு பாடியிருக்கிறார். ஒருத்தி வாயைத் திறந்து, அதைக் கண் பார்த்து, பிறகு இவர் வாயைத் திறந்தால் அரைத் தாளம் பிந்தாமல் என்ன செய்யும்? அதைச் செய்கிறோம் என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மில்லில் இருபத்திரண்டு வருடம் சோறு போட்ட பழக்கம், யாரையும் கேட்காமல் கொயரிலும் வந்து நின்றிருக்கிறது.

"அட கர்த்தாவே" என்று மட்டும் சொன்னார். பிறகு பையை எடுத்தார். "இனி சுவத்தப் பாத்துப் பாடறேன். ஆனா காதுல உளுந்தாத்தானுங்க சுவத்தப் பாத்துப் பாட முடியும். நாளன்னிக்கு வாரேன், வேற ஏதாச்சும் எடுத்து வெய்ங்க."

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். காட்டியிருக்கிறார். மில் காது என்றாராம் டாக்டர். கனத்த சத்தம் எல்லாம் கேட்கும், கூர்மையான சத்தம் குறைந்திருக்கிறது, இப்போதைக்குக் கருவி வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், சத்தமாக எதையும் கேட்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். காதைச் சோதித்த சீட்டு பையிலேயே இருந்தது. அதில் ஒரு கோடு நேராகப் போய், வலது பக்கம் சட்டென்று குழியில் இறங்கி லேசாக ஏறியது. அனுமதி கேட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கடையில் கூட்டமில்லை. என் செல்லத்தைக் காதில் மாட்டி, லேப்டாப்பில் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரைத் திறந்து, சீட்டில் இருந்த குழியை அப்படியே அதில் வரைந்தேன். பிறகு அக்காவின் பாட்டைப் போட்டேன்.

வார்த்தை இல்லை. ஆ, ஓ என்று உயிரெழுத்து மட்டும் மிதந்தது. வல்லின ஓசைகளின் விளிம்பெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. ஒரு சொல் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. தொடக்கம் தெரியாதவர் தாளத்தில் எப்படிச் சேருவார்? வெண்ணெய், வெண்ணெய் என்று நான் சொல்லித் திரிந்தது அவர் காதில் வெறும் வழவழப்பு. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. பதினாறு வருடமாக என் காதைத் தராசாக வைத்துக்கொண்டு ஊர்க் காதை எல்லாம் எடை போட்டிருக்கிறேன்.

குழியை எடுக்காமல் கடையில் இருந்ததை எல்லாம் வரிசையாக மாட்டிப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் கீழ் இழுப்பறை ஞாபகம் வந்தது. வாங்கியவர்கள் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்ததை எல்லாம் அதில்தான் போடுவேன். அதில் ஒன்று, ஸ்டூடியோவில் பிழை பிடிக்கப் பயன்படுகிற மூடின ஹெட்போன். கீழ் ஒலி சோகை பிடித்தது, மேல் நடு ஒலி துருத்திக்கொண்டு நிற்கும். "காதைக் குத்துது" என்று மூன்று பேர் திருப்பியிருந்தார்கள். நானே அதைப் பற்றி ஒரு வீடியோவில் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். குழியோடு அதை மாட்டினேன். வார்த்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. துருத்தல் குழியில் போய் உட்கார்ந்து சமமாகிவிட்டது.

சொன்ன நாளில் அக்கா வந்தார். நான் எதுவும் சொல்லவில்லை, வயலினும் போடவில்லை. போனில் ஜாக் இல்லாததால் சின்ன இணைப்பு ஒன்றைச் செருகி, சத்தத்தைப் பாதி அளவுக்கும் கீழே வைத்து, இழுப்பறை ஹெட்போனைக் கொடுத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். முதல் அடி முடிந்திருக்கும்.

"இதானுங்க" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "மூச்சு எடுக்கறது கேக்குதுங்க. மோகனா மூச்சு எடுக்கறா. அதுக்கப்பறந்தான் பாட்டு வருது. இத்தனை நாளா எனக்கு மூச்சு கேட்டதில்லீங்க."

அழுதேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பில் புத்தகத்தைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"காதக் குத்துதுங்களா?"

"குத்தினாத்தானுங்க நூல் கோக்க முடியும்" என்றார்.

அப்புறம் ஏழு வாரம். பட்டறையில் டீ இடைவேளையில், மற்ற பெண்கள் பேசிக்கொண்டிருக்க, அக்கா மோட்டார் கூடுகளுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். இருபது நிமிடம்தான், அதற்கு மேல் ஒரு நிமிடமும் கிடையாது, காதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் எச்சரித்திருக்கிறாரே. முதலில் ஹெட்போனோடு. பிறகு ஒரு காதில் மட்டும். பிறகு கழற்றிவிட்டு. கூட வேலை செய்கிற பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி வீடியோ எடுத்தாள். எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு இவர் பாடிக்கொண்டிருந்தார். ஒத்திகையில் எதிர்முனை கண்ணில் படாமல் இருக்க ஆல்வினிடம் கேட்டு மோகனப்பிரியாவுக்குப் பக்கத்திலேயே இடம் மாற்றிக்கொண்டார். பக்கத்தில் நிற்பவளின் உதட்டைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும்போதெல்லாம் சேலைத் தலைப்பைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். நடுவில் ஒரு முறை ஹெட்போன் கம்பியின் முனை அறுந்து என்னிடம் வந்தார். அப்போது தனியாகப் பாடிக் காட்டச் சொல்லி ஆல்வின் சோதித்திருந்தார், அது சரியாகவே போயிருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையும் லேசுப்பட்டதல்ல.

"தனியாப் பாடுனா எல்லாரும் தாளத்துலதான் பாடுவாங்களாமா. கூட்டத்துல நின்னு பாடறதப் பதிவுல கேட்டுப்போட்டுத்தான் சொல்லுவானாம். கேரலுக்கு நில்லுங்க, பதிவுல உங்க குரல் தனியாத் தெரியலைன்னா இருங்க, தெரிஞ்சா அடுத்த வருசம் இல்லைன்னுட்டான்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு என்னங்க தோணறது? பாடோணும். அவ்வளவுதான்." அறுந்த முனையைப் பற்றவைத்துக் கொடுக்கிற வரை நின்று வாங்கிக்கொண்டு போனார்.

கேரல் ஆராதனை முடிந்த மறுநாள் திங்கட்கிழமை, கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். அக்கா படியேறி வந்தார். பட்டறைக்கு லீவு சொல்லியிருப்பார் போல, நல்ல சேலை, சட்டை இல்லை. பதிவு காலையில்தான் வாட்ஸப்பில் வந்ததாம். ஆல்வின் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்வதற்கு முன் தனக்குத் தெரிய வேண்டும் என்றார்.

"என்னோடதுல கேட்டேன். எனக்கு என் குரலத் தேடத் தெரியலீங்க. உங்க காது நல்ல காது. உங்க பெரிய மிசினுல போட்டு நீங்க சொல்லுங்க."

செல்லத்தை எடுத்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். அக்கா எதிரில் உட்கார்ந்தார். இருபத்திமூன்று பேர். இடது ஓரத்தில் ஒரு ஆண் குரல் மூக்கால் பாடுகிறது, அது எனக்கு உடனே தெரிந்தது. சோப்ரானோவில் ஒரு பெண் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். கீபோர்டின் மிதி கிறீச்சிடுவது கூடக் கேட்டது. ஆல்டோ நடுவில் ஒரே பட்டையாக வந்தது. முதல் அடி முடிந்தது, எதுவும் பின்தங்கி விழவில்லை. இரண்டாவது அடி. மூன்றாவது. மறுபடி முதலில் இருந்து போட்டேன். ஒரு காதை மூடிக் கேட்டேன், காது மாற்றிக் கேட்டேன்.

கழற்றிவிட்டு அவரைச் சந்தேகமாகப் பார்த்தேன். "உண்மையச் சொல்லுங்க. பயந்துட்டு வாய மட்டும் அசைச்சீங்களா?"

"தொண்ட கட்டிப்போச்சுங்க, பாருங்க" என்றார். கட்டித்தான் இருந்தது. வந்ததில் இருந்து அவர் குரலில் இருந்த கரகரப்பை நான் பனிக்கால ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "மைக்கு எனக்கும் மோகனாளுக்கும் நடுவுலதான் இருந்துது. இன்னொருக்காத் தேடுங்க. நல்லாத் தேடுங்க."

நாலாவது முறை கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். இந்தக் குரலை எனக்குத் தெரியும், என் எதிரில் உட்கார்ந்து எத்தனை நாள் பேசியிருக்கிறார், பாடியும் காட்டியிருக்கிறார். இருந்தும் அந்தப் பட்டையில் அவரை மட்டும் உரித்தெடுக்க முடியவில்லை. பாட்டு முடிந்து, சர்ச் கூரையில் கடைசி ஒலி அடங்கி, யாரோ இருமுகிற வரை கேட்டேன்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"கெடைக்கலீங்க்கா."

அக்கா என் உதட்டைப் பார்க்கவில்லை, கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையையும் மேசையில் ஊன்றி எழுந்தார்.

"அப்ப நான் உள்ளதானுங்க இருக்கறேன்" என்றார்.